கழிமுகத்துக்கு என்ன நிறம்?

(திருவொற்றியூரில் ஒரு ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு கோல்ஃப் மைதானத்தில் தொடங்கப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர், "அண்ணே, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பசங்க ஃபுட்பால் ஆடவே இடம் இல்லை. நீங்க எந்த ஊர்க் கதையைப் பேசப்போறீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆனாலும் அந்தத் தூர தேசத்துக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அதில் நம் ஊர் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் அபர்டீன் என்று ஒரு துறைமுக நகரம். மீன்பிடியும் எண்ணெயும் வளர்த்த ஊர். அதற்கு வடக்கே பாலமெடி என்னும் இடத்தை ஒட்டி, கடலோரமாக மணல் மேடுகள். அங்கே காற்று அடிக்க அடிக்க மணல் நகரும், வருடா வருடம் மேட்டின் உருவம் மாறும். அந்த நகர்வுக்காகவே அரசு அந்த மணலில் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்திருந்தது. பிற்பாடு அமெரிக்க அதிபரான டொனால்ட் ட்ரம்பின் நிறுவனம் அந்த மணலின் மேல் கோல்ஃப் மைதானங்களும், 450 அறைகள் கொண்ட ஓட்டலும், 950 விடுமுறை வீடுகளும், 500 குடியிருப்புகளும் கட்ட விண்ணப்பித்தது. நூறு கோடி பவுண்டு முதலீடு வரும், ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்றார்கள்.

அந்த விண்ணப்பம் அபர்டீன்ஷயர் உள்ளாட்சி மன்றத்துக்கு வந்தது. 2007 நவம்பர் 29 அன்று அதன் குழு ஒன்றில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக ஏழு பேர், எதிராக ஏழு பேர். தலைவர் நாற்காலியில் இருந்தவர் மார்ட்டின் ஃபோர்டு என்ற கவுன்சிலர். தலைவர் என்ற முறையில் தமக்கிருந்த இரண்டாவது வாக்கையும் எதிராகப் போட்டார். விண்ணப்பம் தள்ளுபடியானது. பாதுகாக்கப்பட்ட மணல் மேட்டைக் காவு கொடுக்கத்தான் வேண்டுமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. இரண்டே வாரத்தில் மன்றம் அவசரமாகக் கூடி அவரைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கியது. அதற்குள் ஸ்காட்லாந்து அரசு அந்த விண்ணப்பத்தைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. 2008 ஜூனில் பொது விசாரணை நடந்தது. நவம்பரில் அனுமதி கொடுத்தார்கள்.

முதல் மைதானம் 2012இல் திறந்தது. 450 அறை ஓட்டல் எழவே இல்லை. 2020 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அந்த மணல் மேட்டில் காப்பதற்குரிய தன்மை மிஞ்சவில்லை என்று சொல்லிப் பாதுகாப்புத் தகுதியை விலக்கிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த மணலைப் புல் நட்டு நிறுத்திவிட்டார்கள். நின்றுபோன மணலுக்குக் காவல் எதற்கு என்றாகிவிட்டது.

இந்தக் கதையில் என்னைத் தொட்டது அந்தத் தோல்வியை விட, அதற்கு முன்னால் நடந்த வாக்கெடுப்பு. உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய பதினான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "இந்த மணலில் என்ன நடக்கலாம்?" என்று கைதூக்கிச் சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் அதை மாற்றிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மாற்றுவதற்குக் கீழே ஒரு முடிவு இருந்தது. யார் எப்படி வாக்களித்தார் என்பது ஊருக்குத் தெரிந்தது. எண்ணூரில் ஒரு சதுப்பு நிலம் தொழில் நிலமாக மாறியபோது எந்தக் கவுன்சிலர் எந்தப் பக்கம் கைதூக்கினார் என்று உங்களில் யாராவது சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. அப்படி ஒரு மேசையே இங்கே போடப்படவில்லை.

ஏன் போடப்படவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். இது சட்டம் சம்பந்தமான பேச்சு, ஆனால் கடினமானது இல்லை.

நம் மாநிலத்தில் நகர ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. அதன்படி சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் ஆலை, எது திறந்தவெளி என்று வகுப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் வேலை. நாம் சி.எம்.டி.ஏ. என்கிறோம். முதல் முழுமைத் திட்டம் 1970களில் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1,189 சதுர கிலோமீட்டருக்கான அந்த வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு. குடியிருப்புக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று, விளையாட்டுக்கும் திறந்தவெளிக்கும் ஒன்று. அவற்றில் 'சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில்' என்று ஒரு வகை இருக்கிறது. அந்தப் பெயரை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். நகரத்தில் எங்கேயாவது அபாயத்தை வைத்தாக வேண்டும் என்று முடிவெடுத்து, அதற்கும் ஒரு நிறம் ஒதுக்கியிருக்கிறார்கள். மணலி, எண்ணூர் பக்கம் திரும்பினால் அந்த நிறம் பரவிக் கிடக்கிறது.

1992இல் அரசியல் சட்டத்துக்கு 74ஆவது திருத்தம் வந்தது. அதன் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய 18 வேலைகளின் பட்டியல் இருக்கிறது. முதல் வேலையே நகரத் திட்டமிடல். இரண்டாவது, நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது. குப்பை அள்ளுவதும் விளக்குப் போடுவதும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. ஆனால் அந்த முதல் இரண்டு வேலைகளும் இன்றுவரை மாநில அரசின் குழுமத்திடமே இருக்கின்றன. 2011 வரை கத்திவாக்கத்துக்கு ஒரு நகராட்சி இருந்தது, திருவொற்றியூருக்கு ஒன்று, மணலிக்கு ஒன்று. மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரித்தபோது மூன்றும் அதற்குள் கரைந்தன. 200 வார்டுகளில் நமக்குச் சில வார்டுகள் கிடைத்தன. பொறுப்பை மேலும் அருகே கொண்டுவர வேண்டிய காலத்தில், அது இன்னும் கொஞ்சம் தெற்கே, மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு நகர்ந்துவிட்டது. கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளியும் அத்திப்பட்டும் ஊராட்சிகளாகவே இருக்கின்றன. ஒரே கழிமுகம். ஒரு கரை மாநகராட்சி, மறு கரை திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சி. நீரை யார் பார்ப்பது?

இப்போது கிண்டிக்கு வருகிறேன். கோல்ஃப் என்று தொடங்கியதன் காரணம் அங்கேயும் இருக்கிறது.

கிண்டி குதிரைப் பந்தய மைதானம் 160.86 ஏக்கர். நகரத்தின் நடுவில், வேளச்சேரி வெள்ளத்துக்கு மேல்மடையில் இருக்கும் நிலம். 1946இல் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. வருட வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். அதற்குள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானம் ஒன்றுக்குச் சாதாரணமாக 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். வாடகைப் பாக்கி 730.86 கோடி ரூபாய் என்று கணக்குச் சொல்லி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. 118 ஏக்கரில் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கினார்கள். மழைநீர் தேங்க அங்கே குளங்கள் வெட்டினார்கள். வழக்குகள் ஒரு பக்கம் நடக்கின்றன. அந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன். நிலம் யாருக்கு என்ற கேள்வியை ஓர் அரசு கேட்க முடியும், கேட்டால் மாற்ற முடியும் என்று அது காட்டியது.

அதே கண்ணால் வடக்கைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். தெற்கே ஒரு சிலரின் விளையாட்டுக்காக நூறு ஏக்கர் புல்வெளியாகவே காக்கப்பட்டது. பச்சை நிறத்தைக் காப்பாற்ற அந்த நிலத்துக்கு ஒரு கிளப் இருந்தது, உறுப்பினர்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள். எண்ணூர்க் கழிமுகத்தின் சதுப்புக்கு இறால் தடவும் இருளர் பெண்கள் இருந்தார்கள், வலைக்காரர்கள் இருந்தார்கள், உப்பளத் தொழிலாளிகள் இருந்தார்கள். இவர்களில் யாருடைய பெயரும் நிலப் பயன்பாட்டுப் பட்டியலில் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் மூழ்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பதும் ஒரு நிலப் பயன்பாடுதானே. அதற்கு எந்த நிறமும் இல்லை.

புறம்போக்கு என்ற சொல்லை நாம் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். கிராமக் கணக்கில் அதற்கு மரியாதையான பொருள் உண்டு. வரி விதிப்புக்கு வெளியே, எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்ட நிலம். மேய்ச்சல், ஏரி, ஓடை, சுடுகாடு, களம். தனியாருக்குப் பட்டா கொடுக்கக் கூடாது என்று முன்னோர் ஒதுக்கி வைத்தது. 2017 ஜனவரியில் பாடகர் டி.எம். கிருஷ்ணா அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, கபேர் வாசுகி எழுதிய பாட்டை எண்ணூர்க் கரையில் நின்று பாடினார். அனல் மின் நிலையச் சாம்பல் மிதக்கும் நீருக்கு நடுவே கர்நாடக இசை ஒலித்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பெரியவர் ஒருவர் அன்றைக்குச் சொன்னார்: "நாங்க பொறந்ததிலேருந்து போய் வந்த இடம் தம்பி. இப்பத்தான் அதுக்குப் பேர் வச்சுப் பாடுறாங்க."

கழிமுகம் எப்படிக் காணாமல் போனது என்பதற்கு வரைபடத்திலேயே சாட்சி இருக்கிறது. 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அலை ஏறி இறங்கும் இடமெல்லாம் பாதுகாப்புக்கு உட்பட்டது என்றது. அதன்படி 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் அதன் கிளை ஓடைகளோடு அப்படியே இருக்கிறது. பின்னாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியபோது இன்னொரு வரைபடம் வந்தது. அதில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பு இல்லை. நீர் வற்றியதால் இல்லாமல் போகவில்லை. கோடு போடாததால் இல்லை. 2017இல் இது செய்தித்தாள்களில் வந்தது. ஓர் ஆற்றின் வாயைக் காகிதத்தில் அழித்துவிட்டால், அதன் மேல் மண் கொட்டுவதற்கு யாரிடமும் விசேஷ அனுமதி கேட்க வேண்டியதில்லை. கொட்டுகிற லாரிக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவருக்கு வெகு முன்னால் ஒரு பேனா அந்த வேலையை முடித்துவிட்டது.

இந்தக் கரைக்கு இது புதிதும் இல்லை. ராயபுரத்துப் பெரியவர்களுக்குத் தெரியும், கடல் நம் கரையை எத்தனை தெரு உள்ளே வந்து தின்றிருக்கிறது என்று. சென்னைத் துறைமுகச் சுவர் 1870களில் எழத் தொடங்கியது. இந்தக் கடலில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. சுவர் அதை மறித்தது. மணல் சுவருக்குத் தெற்கே தங்கித் தங்கி மெரினா அகலமானது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை போட்டு அதற்கு மெரினா என்று பெயரிட்டார். வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடல் ஏறிக்கொண்டே வந்தது. இன்றைக்கு எண்ணூர் விரைவுச் சாலையோரம் நாம் பார்க்கும் கருங்கல் குவியல்கள் அந்தக் கணக்கின் மிச்சம். மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். ஒரு நகரத்தின் பொழுதுபோக்கும் அதே நகரத்தின் அரிப்பும் ஒரே சுவரில் பிறந்தன என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி சொல்கிறேன், இளைஞர்கள் நம்ப மாட்டீர்கள். எண்ணூர் ஒரு காலத்தில் உல்லாச ஊர். கொக்ரேன் கால்வாய் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி முடிந்தது. பிற்பாடு 1870களின் பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக நீட்டப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. வெயில் காலத்தில் வெள்ளைக்காரர்கள் படகேறி எண்ணூருக்கு வருவார்கள். ஏரியில் படகு விடுவார்கள், கடற்காற்றில் உடம்பு தேற்றுவார்கள். உடல்நலம் தேடிப் போகும் இடமாக இருந்த அந்த ஊரில்தான் 1970இல் அனல் மின் நிலையம் வந்தது. பிறகு வடசென்னை அனல் மின் நிலையம், 2001இல் எண்ணூர் துறைமுகம், அதற்குப் பின் வல்லூர் மின் நிலையம். கூடவே சாம்பல் குட்டைகள், சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள், அந்தக் குழாய் உடைப்புகள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியபோது, வாளியோடு கடலில் இறங்கிக் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். 'அபாயகரமான தொழில்' என்ற நிறத்துக்கு அன்று இரவு என்ன பொருள் என்பதை அவர்களிடம் கேளுங்கள்.

அதனால்தான் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பற்றிப் பேசும்போது வேலைவாய்ப்பு எத்தனை என்பதோடு நிறுத்தாதீர்கள் என்று இளைஞர்களிடம் சொல்கிறேன். 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்கும் திட்டம் அது. 53,000 கோடி ரூபாய் மதிப்பு சொன்னார்கள். 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5க்கு வைத்ததும் நடக்கவில்லை. கடலுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய மணல் திட்டிலும் அதை ஒட்டியும்தான் இதெல்லாம் வரவேண்டும். அந்த மணல் மேடு மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கடல் நீரைத் தள்ளி நிறுத்துகிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீர் எப்படி உப்பானது என்பது இந்த வட்டாரத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலமெடியின் மணலையும் காட்டுப்பள்ளியின் மணலையும் சேர்த்து நான் யோசிப்பது இதனால்தான். அங்கே விளையாட்டுக்கு, இங்கே சரக்குக்கு. இரண்டு இடத்திலும் மணல் என்ன வேலை செய்கிறது என்பதை யாரும் பயன்பாடாகக் கணக்கிடவில்லை.

நமக்குத் திட்டமிடத் தெரியாது, அதனால் மேலே இருப்பவர்கள் செய்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பழவேற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பாடு என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. முகத்துவாரத்துக்கு அருகில் இறால் வரத்து நன்றாக இருக்கும் இடங்களில் எந்த ஊர், எந்த நாளில், எத்தனை வலை இறக்கலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை மாறிக்கொண்டே வரும். நீரை அளந்து, நாளை வகுத்து, பங்கைச் சமமாக்கி, மீறினால் அபராதமும் வைத்திருக்கிற ஒரு பயன்பாட்டுத் திட்டம் இது. இதை வகுத்தவர்களின் சொந்தக்காரர்கள் நம் முகத்துவாரக் குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் இருக்கிறார்கள். இந்த அறிவை முழுமைத் திட்டம் எழுதும் அறைக்குள் கொண்டுபோக வேண்டும்.

காலம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் திட்டம் தயாராகிறது. பெருநகர எல்லையையே 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்திருக்கிறார்கள். அடுத்த இருபது வருடத்துக்குக் கொசஸ்தலையின் கிளை ஓடைகளுக்கு என்ன நிறம் என்பது இப்போது முடிவாகும். வரைவு வெளிவரும்போது ஆட்சேபம் சொல்ல நாள் கொடுப்பார்கள். அந்த நாட்கள் சத்தமில்லாமல் போய்விடும், பழக்கம் அப்படி. தனித்தனி சர்வே எண்ணுக்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்கும் அறிவிப்புகளும் நாளிதழில் சின்ன எழுத்தில் வரும். அவற்றைப் படிக்க ஒவ்வொரு குப்பத்திலும் இரண்டு பேர் வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

2022 முதல் மாநகராட்சியில் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. ஊராட்சியில் கிராம சபை இருக்கிறது. கால்வாய் அடைப்பு, தெருவிளக்கு இவற்றோடு சேர்த்து ஒரே ஒரு கேள்வியை அங்கே எழுத்தில் கொடுங்கள்: "எங்கள் பகுதியில் அலை ஏறி இறங்கும் நிலம் எது, அது வரைபடத்தில் எந்த வகையில் இருக்கிறது?" பதில் வராவிட்டாலும் கேள்வி பதிவேட்டில் ஏறும். 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கழிமுகத்தில் படிந்த சாம்பலை அகற்றி அதை மீட்க வேண்டும் என்று உத்தரவிட்டது சும்மா வரவில்லை. மீனவர்கள் வருடக்கணக்கில் தேதி போட்டு எழுதி வைத்த குறைகளும் எடுத்து வைத்த படங்களும் அதற்குப் பின்னால் இருந்தன.

பிள்ளைகளின் மைதானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்த நண்பர் காத்துக்கொண்டிருக்கிறார். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகப் பொதுவுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. புதிதாக நிலம் பிரிக்கும் புறநகரில் அந்த விதி பூங்காவைத் தருகிறது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பிரிக்க நிலமே இல்லாததால் விதி வெறும் எழுத்தாக நிற்கிறது. அப்படியானால் 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையத்தைச் சுற்றிய நிலம் போன்றவை மறுபடி பங்கிடப்படும்போது, அதில் ஒரு பகுதிக்கு விளையாட்டு நிறம் வேண்டும் என்று நாம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும். கோல்ஃபுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் இந்தக் கரையின் பிள்ளைகள் நாலைந்து கால்பந்து மைதானம் போட்டுவிடுவார்கள்.

நேரம் ஆகிவிட்டது. அரங்கின் பின்னால் நீள மேசையில் இரண்டு வரைபடங்களை ஒட்டி விரித்து வைத்திருக்கிறேன். ஒன்று 1996ஆம் வருடத்தது, இன்னொன்று இப்போதைய நிலப் பயன்பாட்டு வரைபடம். பக்கத்தில் நீலப் பென்சில்கள் இருக்கின்றன. பெரியவர்கள் முதலில் வாருங்கள். நீங்கள் படகு விட்ட ஓடைகள் எங்கெங்கே போயின, அவற்றுக்கு என்ன பெயர் என்று கோடு போட்டு எழுதுங்கள். கை நடுங்கினால் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். எட்டரை மணி வரை அரங்கம் நமக்குத்தான்.